சொல்லை அதன் கூட்டாளிகளோடு எழுதி வையுங்கள்

கொழும்பு கோட்டையில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் பதினாறு வருடமாக நட்டஈட்டுக் கடிதங்கள் எழுதுகிறேன். சேர்ந்த புதிதில், மேலாளர் சொன்ன யோசனையைப் பாராட்டி ஒரு ஈமெயில் அனுப்பினேன். ‘சிம்பிள்’ என்பதைவிடக் கொஞ்சம் பெரிய சொல்லாக இருக்கட்டும் என்று ‘சிம்ப்ளிஸ்டிக்’ போட்டேன். அதற்கு எளிமையானது என்று அர்த்தமில்லை. சிக்கலான விஷயத்தை மேலோட்டமாகப் பார்ப்பது என்று அர்த்தம். அவர் கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அர்த்தத்தை மட்டும் பாடமாக்கி எந்த ஆங்கிலச் சொல்லையும் நான் எழுதியதில்லை. இப்போது அக்காவின் மகளுக்கும் அதையேதான் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம், ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும். டிக்ஷனரியை ‘ஏ’யிலிருந்து புரட்டவேண்டாம். பேப்பரிலோ வேலைக் கடிதத்திலோ உங்களை நிறுத்திவைத்த சொல்லையே எடுங்கள். கம்பஸ் போகிறவர்கள் மொழியியலாளர் அவ்ரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலிலிருந்து தொடங்கலாம். அதில் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்தவையும் சேர்ந்த தொகுதிகள், இருக்கின்றன.

அந்த அரைப் பக்கத்தில் என்ன எழுதுவது? என் கொப்பியில் ‘மிட்டிகேட்’ இருக்கும் பக்கத்தைச் சொல்கிறேன். மேலே ‘தணிப்பது, குறைப்பது’ என்று தமிழில் ஒரு வரி. அதன் கீழே கூட்டாளிகள்: ரிஸ்க், லாஸ், டேமேஜ், இம்பாக்ட். இந்தச் சொல் பெரும்பாலும் இவற்றோடுதான் வரும். பிறகு சிவப்பு மையில் ஓர் எச்சரிக்கை: ‘மிட்டிகேட் அகெய்ன்ஸ்ட்’ பிழை, ‘அகெய்ன்ஸ்ட்’ கேட்கும் சொல் ‘மிலிட்டேட்’ (எதிராக வேலை செய்வது). கடைசியில் என் சொந்த வசனம். குடோனுக்குள் வெள்ளம் வந்ததும் அரிசி மூட்டைகளை மேலே அடுக்கி நட்டத்தைக் குறைத்த ஒரு வாடிக்கையாளரைப் பற்றியது அது. கண்ணால் பார்த்ததை வைத்து எழுதினால் சொல் மறக்காது. டிக்ஷனரி வசனத்தைப் பார்த்து எழுதினால் மறுநாளே போய்விடும்.

வேர்ச்சொல்லையும் பாருங்கள். தமிழில் ‘அறி’ தெரிந்தால் அறிவு, அறிக்கை, அறிவிப்பு, அறிமுகம் எல்லாம் கூடவே வரும் அல்லவா? லத்தீனில் ‘ஸ்பெக்ட்’ என்றால் பார்ப்பது. ‘இன்ஸ்பெக்ட்’ உள்ளே பார்ப்பது, ‘ரெட்ரோஸ்பெக்ட்’ திரும்பிப் பார்ப்பது, ‘சர்க்கம்ஸ்பெக்ட்’ சுற்றிப் பார்ப்பது. அக்கம்பக்கம் பார்த்துப் பேசு என்று அம்மா சொல்வாரே, அந்தக் கவனம்தான் ‘சர்க்கம்ஸ்பெக்ட்’.

சரி, எழுதியதை மீட்டுவது எப்படி? செபஸ்தியன் லைட்னர் 1970களில் பரப்பிய பெட்டி முறைதான் எனக்குக் கைகொடுத்தது. சொற்களைச் சின்ன அட்டைகளில் எழுதி, ஒரு சப்பாத்துப் பெட்டியை ஐந்தாகத் தடுத்துக்கொள்ளுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், பிழையாகச் சொன்னது முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பாருங்கள், பின்னால் உள்ளவற்றை நாள் விட்டுப் பார்த்தால் போதும். வெள்ளவத்தையில் ரயில் ஏறினால், பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு தாண்டிக் கோட்டை வருவதற்குள் முதல் அறை முடிந்துவிடும். வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் பார்த்தாலும் பரவாயில்லை.

ஒரு சொல்லை ஈமெயிலிலோ பேச்சிலோ பயன்படுத்தும் ஒவ்வொரு தடவையும் கொப்பியில் அதன் பக்கத்தில் ஒரு சரி போடுங்கள். மூன்று சரி விழுந்தால் அந்த அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம். ஒரு மாதமாகியும் ஒன்றுகூட விழாத சொல் இப்போதைக்கு உங்களுக்குத் தேவையில்லை, அதை வெட்டிவிட்டு அடுத்ததை எழுதுங்கள்.