புல்தரைக்குக் கீழே ஒரு தேவாலயம்: தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில், இடைக்காலத்தில் ஊராருக்குத் திருமுழுக்குக் கொடுத்து, மணம் முடித்து, புதைத்தும் வைத்த பங்குத் தேவாலயங்கள் பல இன்று மேய்ச்சல் நிலத்துக்கு அடியில் கிடக்கின்றன. அவற்றின் தடயத்தைத் தேடும்போது கைதேர்ந்த அகழாய்வாளர்களே சறுக்கும் இடங்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கிடைத்த முதல் தடயத்துக்கே ஒரு காலத்தையும் ஒரு கதையையும் கட்டிவிடுவது.

பக்கிங்ஹாம்ஷயரில் ஸ்டோக் மாண்டவில் ஊரின் பழைய புனித மரியாள் தேவாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1080 வாக்கில், 1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர்கள் கட்டியது. 1866-இல் ஊருக்குப் பக்கத்தில் புதுக் கோயில் வந்ததும் பழையது பாழடைந்தது. ஆபத்தாக நிற்கிறது என்று 1966-இல் இடித்துப் போட்டார்கள். ஹெச்எஸ்2 அதிவேக ரயில் பாதை அந்த வழியாகப் போவதால் இடம் முழுவதையும் அகழ வேண்டி வந்தது. தேவாலயத்துக்கு அடியில் சிக்கிமுக்கிக் கல்லில் கட்டிய சதுர அடித்தளம் தெரிந்தது. நார்மானியருக்கு முன் அங்கே வாழ்ந்த சாக்சன் மக்களின் கோயிலாக இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அப்புறம் 2021-இல் அதைச் சுற்றியிருந்த வட்டப் பள்ளத்தைத் தோண்டியபோது ரோமானிய ஆண், பெண் மார்பளவுச் சிலைகளும் குழந்தைச் சிலை ஒன்றின் தலையும் வெளிவந்தன. சாக்சன் கோயில் என்ற ஊகம் போய், ரோமானியர் காலத்து ஈமக் கட்டடம் என்ற முடிவு வந்தது. தேவாலயத்துக்கு அடியில் இருப்பது இன்னொரு தேவாலயமாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அதே இடத்தில் இன்னொரு சங்கதி. நடுவில் துளையும், அதிலிருந்து கதிர்போல் பிரியும் கோடுகளுமாகச் செதுக்கிய கற்கள் கிடைத்தன. பார்த்தவுடன் சூரியக் கடிகாரம் என்று சொல்லத் தோன்றும். சூரியக் கடிகாரம் பொதுவாக வெயில் விழும் தெற்கு வாசல் பக்கம் இருக்கும். இவையோ சுவரைத் தாங்கும் மேற்கு முட்டுச்சுவரின் கீழ்ப்பகுதியில் இருந்தன. அதனால் தீய ஆவிகளை விரட்டக் கீறிய குறிகளாக இருக்கலாமோ என்ற கேள்வி எழுந்தது. கல்லைப் பெயர்த்து எடுத்த பிறகு படம் பிடித்திருந்தால் அந்தக் கேள்விக்கே வழி இருந்திருக்காது. எந்தத் தடயத்தையும் அது இருந்த இடத்தோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

கல் இல்லை, அதனால் சுவர் இல்லை என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. வெட்டிய கல்லுக்கு எப்போதும் கிராக்கி. கைவிட்ட கட்டடத்தின் அஸ்திவாரம் வரை ஆட்கள் தோண்டி எடுத்துப் போனார்கள். பல்லைப் பிடுங்கிய ஈறு மாதிரி, சுவர் இருந்த வடிவத்தில் ஒரு பள்ளம் மிஞ்சும். அதற்குள் சுண்ணாம்புக் காரைத் துகளும் உடைந்த ஓடும் நிரம்பியிருக்கும். வின்செஸ்டரின் பழைய பேராலயம் பங்குத் தேவாலயம் அல்ல, ஆனாலும் உதாரணம் அதுதான்: 1960-களில் அகழாய்வாளர் மார்ட்டின் பிடிலின் குழு அதன் வரைபடத்தைப் பெரும்பாலும் இப்படிப்பட்ட பள்ளங்களை வைத்தே மீட்டது. அந்தக் காரைத் துகளைக் குப்பை என்று வாரிக் கொட்டினால் சுவரையே கொட்டிவிட்டதாக அர்த்தம்.

எலும்புக்கூடு மேற்கே தலை வைத்துக் கிடக்கிறதா? கிறிஸ்தவ வழக்கம் அதுதான், சரி, ஆனால் உடனே கிறிஸ்தவக் கல்லறை என்று எழுதாதீர்கள். ரோமானியர் காலத்தின் பிற்பகுதியிலும் அப்படிப் புதைத்திருக்கிறார்கள், எனவே காலக்கணிப்பு அவசியம். கல்லறைகள் நெருக்கமாக வந்துகொண்டே இருந்து ஒரு கோட்டில் சட்டென்று நின்றுவிட்டால் அங்கே சுவர் இருந்திருக்கலாம். நார்த்தாம்ப்டன்ஷயரின் ராண்ட்ஸ் ஃபர்னெல்ஸில் சின்னத் தேவாலயம் ஒன்றைச் சுற்றி ஏறக்குறைய 360 பேரின் கல்லறைகள் வந்தன. அவற்றில் கைக்குழந்தைகள் பலர் சுவரை ஒட்டியே கிடந்தார்கள். கோயில் கூரையிலிருந்து வழிவதால் புனிதமான மழைநீர் அவர்கள்மேல் விழட்டும் என்று புதைத்ததாக விளக்கம் சொல்வோர் உண்டு. நல்ல விளக்கம்தான், நிரூபணம் அல்ல.

ஊர் அழிந்த கதையையும் கோயில் அழிந்த கதையையும் ஒன்றாக்குவதுதான் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது. அதிலும் எடுத்ததெல்லாம் 1348-49 கொள்ளைநோயின் தலையில் விழும். யார்க்ஷயரில் கைவிடப்பட்ட கிராமமான வாரம் பெர்சியைப் பாருங்கள். 1950 முதல் 1990 வரை அங்கே கோடைதோறும் தோண்டினார்கள். கொள்ளைநோய்க்குப் பிறகும் ஊர் பல தலைமுறை நீடித்தது. 1500-ஐ ஒட்டி, ஆடு மேய்ச்சலுக்காகக் கடைசிக் குடும்பங்களை வெளியேற்றியதில்தான் காலியானது. அப்போதும் புனித மார்ட்டின் தேவாலயம் சாகவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து போனதால் 1949 வரை அங்கே வழிபாடு நடந்தது. கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது 1959-இல். அதே கட்டடம் மரக் கோயிலாகத் தொடங்கி, கல்லாக மாறி, பக்கவாட்டு மண்டபங்கள் முளைத்து, மக்கள் குறைந்ததும் அவற்றை இடித்துச் சுருங்கியது. கடைசியாக நின்ற சுவரை அளந்து ‘தேவாலயம் இவ்வளவுதான்’ என்று சொன்னால் பல நூற்றாண்டுகள் காணாமல் போய்விடும்.

சின்னச் சின்னதாகச் சில. 1086-ஆம் ஆண்டு அரசர் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கேட்டில் பெயர் இல்லாததால் தேவாலயமே இல்லை என்று ஆகாது, பல தேவாலயங்கள் அதில் விடுபட்டிருக்கின்றன. ‘சர்ச் ஃபீல்ட்’ என்ற வயல் தேவாலயம் நின்ற இடமாக இல்லாமல் அதன் மானிய நிலமாகவும் இருக்கலாம். பண்ணைவீட்டுச் சுவரில் பதித்த செதுக்குக் கல் எட்டாம் ஹென்றி மன்னர் 1536-40-இல் கலைத்த ஏதாவது மடத்திலிருந்து வந்திருக்கலாம். தோண்டாமலே நிலத்தடியை ஆராயும் காந்தப்புல அளவீட்டில் ஒன்றும் தெரியவில்லை என்றால் மின்தடை அளவீட்டையும் செய்யுங்கள், கல் அஸ்திவாரத்துக்குப் பின்னதுதான் பெரும்பாலும் கைகொடுக்கும். கருகிய களிமண்ணும் வெண்கலத் துளிகளும் உள்ள குழியைக் கொல்லன் பட்டறை என்று எழுதிவிடாதீர்கள். தேவாலய மணியை அந்த இடத்திலேயே வார்ப்பது வழக்கம்.

கடைசியாக, சட்டம். பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் அனுமதியில்லாமல் உலோகம் காட்டும் கருவியோடு இறங்குவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மனித எலும்பு தலைகாட்டினால் அங்கேயே வேலையை நிறுத்திக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். பழைய கல்லறைதான் என்று தெரிந்த பிறகும், 1857-ஆம் ஆண்டுப் புதைப்புச் சட்டத்தின்படி நீதி அமைச்சகத்தின் உரிமமோ, தேவாலயத்துக்கு அர்ப்பணித்த மண் என்றால் திருச்சபையின் அனுமதியோ வாங்கித்தான் எலும்பை எடுக்க முடியும்.