பூட்டிக்கிடக்கும் கார்னிஷ்: சாவியைத் திருகும் முன்

காரைக்குடியில் பழைய வண்டிகளுக்கு வேலை பார்க்கிறவன் நான். இந்தப் பக்கம் பெரிய வீட்டுக் கார் ஷெட்டுகளில் எப்போதாவது ரோல்ஸ் ராய்ஸ் கார்னிஷ் ஒன்று, துணி டாப்போடு, தூசி மூடிக் கிடக்கும். வீட்டுக்காரர்கள் புது பேட்டரியோடு நின்று, "ஸ்டார்ட் ஆயிருமாண்ணே?" என்பார்கள். பேட்டரியை ஓரமாக வையுங்கள். இந்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பிரேக் ஆயில்.

காரணம் இருக்கிறது. 6,750 சிசி வி8 எஞ்சினின் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே இரண்டு பம்புகள் உட்கார்ந்திருக்கும். கேம்ஷாஃப்ட்தான் அவற்றை இயக்குகிறது. அவை ஏற்றும் அழுத்தத்தை நைட்ரஜன் அடைத்த இரண்டு குண்டுகள் சேமித்து வைக்கும். பிரேக்கும் அதிலிருந்துதான், பாரம் ஏறினால் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும் ஏற்பாடும் அதிலிருந்துதான். (இந்த ஏற்பாடு பிரெஞ்சுக் கம்பெனி சித்ரோயனிடம் உரிமம் வாங்கியது.) எஞ்சின் சுற்றினாலே பம்பும் ஓடும். வண்டியிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் இல்லையென்றால் பம்பு வறட்டில் ஓடித் தேய்ந்துவிடும்.

என்ன ஆயில் என்பது அடுத்த வம்பு. ஆரம்ப வண்டிகளுக்கு ஆர்ஆர் 363 என்கிற பிரேக் ஆயில். பிற்பாடு வந்தவற்றுக்கு மினரல் ஆயில். வண்டியிலுள்ள அந்த டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். "எல்லாம் ஒண்ணுதான், ஊத்துங்க" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதி, பம்பிலிருந்து பின்சக்கரம் வரை பிரிக்க வேண்டிவரும்.

1971 பிப்ரவரியில் விமான ஜெட் எஞ்சின் உருவாக்கிய செலவில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி திவாலாகி, மார்ச்சில் இந்தக் காரை அறிமுகப்படுத்தியது. பாடி கட்டியது லண்டனில், முல்லினர் பார்க் வார்டு என்கிற கம்பெனி. அந்த நிலைமையிலும் இப்படியொரு வண்டியை இறக்கினார்களே என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். 1995 வரை தயாரித்தார்கள்.

சரி, இப்போது எஞ்சின். எட்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் முன்புல்லியில் ஸ்பானர் போட்டுக் கையாலேயே சுற்றுங்கள். இடறினால் நிறுத்திவிடுங்கள், பலம் காட்டாதீர்கள்.

பிளாக் அலுமினியம், அதற்குள் இரும்பு லைனர்கள் (பிஸ்டன் ஓடும் குழாய்கள்) தண்ணீரில் நிற்கின்றன. இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அரிப்புதான். மழைத்தண்ணீர் பிடிக்கவென்றே வளவு கட்டிய வீட்டில், ரேடியேட்டருக்கு மட்டும் போர் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள்! வடித்துக் கழுவிவிட்டு நல்ல கூலன்ட் ஊற்றுங்கள்.

பழைய பெட்ரோல் வார்னிஷ் நாற்றம் அடிக்கும், முழுக்க இறக்குங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் அதைத் தாங்குகிற ஹோஸாக மாற்றிவிடுங்கள். எஸ்யு கம்பெனி கார்புரேட்டர் இருந்தால் ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். மெதுவாக இறங்கி 'டக்'கென்று உட்கார வேண்டும். பாதியில் நின்றால் கழற்றித் துடைக்க வேண்டியதுதான்.

இனி ஸ்டார்ட் செய்யலாம். ஆனால் வண்டியை நகர்த்தாதீர்கள். பிரேக் அழுத்தம் காட்டும் இரண்டு விளக்கும் அணைந்து, குண்டுகள் நிரம்பும்வரை ஓடவிடுங்கள். அப்புறம் எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் செய்து, பிரேக்கை மிதித்துக்கொண்டே எண்ணுங்கள். பத்து மிதிக்குள் விளக்கு எரிந்தால் குண்டில் நைட்ரஜன் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சரிசெய்யாமல் கேட்டைத் தாண்டக் கூடாது.

டாப்பைக் கடைசியாகத் திறக்கலாம். அது மடிந்து இறங்கும் பள்ளத்தில் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். எலிக்கூடு இல்லாத வண்டியை நான் பார்த்ததில்லை. துணி விறைத்திருந்தால் அரைவாசி திறந்து வெயிலில் கொஞ்ச நேரம் விடுங்கள். ஹேண்ட்பிரேக் போட்ட பிறகே ஸ்விட்சைத் தொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் உடனே கையை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் டாப்பின் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.