ஹேண்ட்சைம் குழுவுக்கு ஏற்ற பாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஹேண்ட்சைமைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் ஒரு சிறு அறிமுகம். சதுரமான அலுமினியக் குழாய்; அதன் மேற்பாதி இசைக்கவை போல இரண்டாகப் பிளந்திருக்கும். வெளிப்பக்கத்தில் ஒரு சின்னச் சுத்தியல். கையில் பிடித்து முன்பக்கமாக மணிக்கட்டைச் சட்டென்று அசைத்தால் சுத்தியல் குழாயைத் தட்டும், ஒரே ஒரு சுரம் எழும். தோளில் ஒற்றினால் அடங்கிவிடும். ஒருவர் கையில் இரண்டு சைம்தான். எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தால்தான் ஒரு பாட்டு உருவாகும். அமெரிக்காவில் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் முதியோர் இல்லங்களிலும் இந்தக் குழுக்கள் நிறைய உண்டு. நான் இங்கே அப்படி ஒரு குழுவை நடத்துகிறேன். எங்களில் பாதிப் பேருக்கு நொட்டேஷன், அதாவது எழுதிய இசைக்குறிகள், படிக்கத் தெரியாது.

முதல் ஆண்டில் எனக்குப் பிடித்த வேகமான கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை எடுத்தேன். சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குழைந்து, மெட்டே தெரியாமல் போனது. அதைவிட வருத்தமான விஷயம், கீழ்ச் சுரங்களை வைத்திருந்த ஒரு அம்மாவுக்குப் பாட்டு முழுவதிலும் நாலே இடத்தில்தான் வேலை. அவர் நின்றுகொண்டே இருந்தார். அடுத்த மாதம் வரவில்லை. பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதை வாசிக்கப் போகிற கைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

படி 1: பெட்டியைத் திறந்து எண்ணுங்கள்

இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) பெட்டியில் ஜி4 முதல் ஜி6 வரை 25 சைம் இருக்கும்; எழுத்து சுரத்தின் பெயர், எண் அதன் ஸ்தாயி. மூன்று ஆக்டேவ் என்றால் சி4 முதல் சி7 வரை 37. உங்களிடம் இருப்பதைத் தாளில் எழுதி வையுங்கள்.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஹேண்ட்பெல் (கையில் பிடித்து ஒலிக்கும் மணி), ஹேண்ட்சைம் இரண்டுக்குமே இசை எழுதும்போது, கேட்பதைவிட ஒரு ஸ்தாயி கீழே எழுதுவார்கள். பியானோக்காரர் நடு சி என்று படிக்கும் இடத்தில் நீங்கள் எடுக்க வேண்டியது சி5 என்று பொறித்த சைம். பியானோ புத்தகத்திலிருந்து மெட்டு எடுத்தாலும் இதே கணக்கில் போனால் சரியாக வரும்.

படி 2: ஆட்களை எண்ணுங்கள்

25 சைமில் ஷார்ப், ஃபிளாட் (பியானோவின் கறுப்புக் கட்டைச் சுரங்கள்) போக 15 சுரங்கள். ஆளுக்கு இரண்டு என்றால் எட்டுப் பேர் வேண்டும். 37 சைமில் 22 சுரங்கள், அதற்குப் பதினொரு பேர். ஆறு பேர்தான் என்றால் ஆறு பேருக்கான பாட்டையே எடுங்கள். ஒரு கையில் இரண்டு சைம் பிடிக்கும் வித்தை இருக்கிறது, ஆனால் புதியவர்களிடம் அதைக் கேட்காதீர்கள். ஒருவர் வராவிட்டால் அவருடைய சுரமே பாட்டிலிருந்து போய்விடும். ஆகவே நிச்சயமாக வருகிறவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள்.

படி 3: அச்சிட்ட இசைத்தாளின் முதல் பக்கத்தைப் படியுங்கள்

ஹேண்ட்பெல்லுக்கென்று வெளியாகும் தாள்களில் பெரும்பாலும் தொடக்கத்திலேயே ஒரு கட்டம் இருக்கும். அந்தப் பாட்டுக்கு எந்தெந்த மணிகள் வேண்டும் என்று அதில் வரிசையாகக் காட்டியிருப்பார்கள். முதல் படியில் எழுதிய தாளை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு சைம் இல்லை என்றாலும் அது மெட்டில் வருகிறதா, துணைச் சுரத்தில் வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பல தாள்களில் 1 முதல் 6 வரை ஓர் எண்ணும் இருக்கும். 1954-இல் தொடங்கிய அமெரிக்க ஹேண்ட்பெல் சங்கம் வகுத்த கடினநிலை அது. முதல் ஆண்டு முழுக்க 1-இலேயே இருங்கள்.

அப்புறம், மார்டெல்லாட்டோ என்ற குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். மணியை மேசை மேல் விரித்த பஞ்சு மெத்தையில் அடித்து ஒலிக்கும் முறை அது. சைமை அப்படி அடித்தால் கெட்டுவிடும். பாட்டு நெடுக அது வந்தால் அந்தத் தாள் நமக்கு வேண்டாம். சுரத்தின் தலை வைர வடிவத்தில் இருந்தால் அந்த இடம் சைமுக்கென்றே எழுதியது என்று பொருள்.

படி 4: மெதுவாகப் பாடிப் பாருங்கள்

சைமின் ஓசை தட்டியவுடன் பளிச்சென்று தெறிக்காது. மெல்லத் தொடங்கி நீளமாக நிற்கும். அந்த நீளம்தான் அதன் அழகு, வேகமான பாட்டில் அதுவே சிக்கல். ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து மேலே விழும். கீழ்ச் சுரங்களை நெருக்கமாகச் சேர்த்து ஒலித்தால் இன்னும் மோசம், வெறும் முனகலாகக் கேட்கும்.

நான் செய்யும் சோதனை இது. தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 66 தட்டில் வைத்துவிட்டு அந்த மெட்டைப் பாடுகிறேன். அந்த வேகத்திலும் பாட்டு உயிரோடு இருந்தால் எடுக்கலாம். இழுவையாகத் தோன்றினால், எவ்வளவு பிடித்த பாட்டாக இருந்தாலும் தள்ளி வைத்துவிடுகிறேன். தாலாட்டு, பழைய தேவாலயப் பாட்டு, நீண்ட மூச்சில் பாடும் நாட்டுப்புற மெட்டு எல்லாம் இதில் தேறும். அரைத் தாளத்துக்கு ஒரு சுரம் ஓடிக்கொண்டே இருக்கும் பாட்டு தேறாது.

படி 5: ஐந்து சுர மெட்டில் தொடங்குங்கள்

புதியவர்களுக்குத் தட்டுவது சுலபம், அடக்குவதுதான் கடினம். தோளில் ஒற்ற மறந்துவிடுவார்கள். பழைய சுரம் புதிய சுரத்தோடு கலக்கும். பக்கத்துப் பக்கத்துச் சுரங்களான இ-யும் எஃப்-உம், பி-யும் சி-யும் இப்படிக் கலந்தால் காதைக் குத்தும். அந்த அரைச் சுர இடைவெளியே இல்லாத மெட்டு என்றால் தாமதமாக அடக்கினாலும் பெரிதாக உறுத்தாது. நம் மோகன ராகத்தின் ச ரி க ப த அப்படிப்பட்டதுதான். உலகம் முழுக்க எத்தனையோ நாட்டு மெட்டுகள் இதே ஐந்து சுரங்களில் இருக்கின்றன.

அமேசிங் கிரேஸ் என்ற கிறிஸ்தவப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1772 வாக்கில் ஜான் நியூட்டன் எழுதிய வரிகளோடு, இன்று நாம் கேட்கும் மெட்டு 1835-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பாட்டுப் புத்தகத்தில் சேர்ந்தது. மூன்று தாள நடை, நிதானமான வேகம். ஜி-யை ஆதாரச் சுரமாக வைத்தால் மெட்டுக்கு டி5, இ5, ஜி5, ஏ5, பி5, டி6 என்று ஆறே சைம். கூடவே ஜி4, பி4, சி5, எஃப் ஷார்ப்5 நான்கையும் சேர்த்தால் துணைக்கு வேண்டிய ஜி, சி, டி கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) மூன்றும் கிடைத்துவிடும். மொத்தம் பத்து. எட்டுப் பேரில் இருவருக்கு இரண்டு சைம், மற்றவர்களுக்கு ஒவ்வொன்று.

இதற்கும் முன்னால் ஒரு சின்னப் பயிற்சி வேண்டுமென்றால் லண்டன் பிக் பென் கடிகாரத்தின் கால் மணி ஓசை இருக்கிறது. 1793-இல் கேம்பிரிட்ஜ் தேவாலயம் ஒன்றுக்காக அமைத்தது. க, ரி, ச, கீழ் ப என்று நாலே சுரம், நாலு பேர் போதும். முதல் நாளிலேயே முழுதாக ஒன்றை வாசித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அவர்களுக்குக் கிடைக்கும்.

நம் கீர்த்தனைகளை வாசிக்கலாமா என்று தமிழ் நண்பர்கள் கேட்பார்கள். சைமில் சுரத்தை அசைக்க முடியாது, ஆகவே கமகத்தை நம்பி நிற்கும் பாட்டு வேண்டாம். ஆனால் முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்கு சாகித்யம் அமைத்த நோட்டுஸ்வரங்கள் கமகம் இல்லாமல் சங்கராபரணச் சுரங்களில் நேராகப் போகின்றன. இரண்டாம் ஆண்டில் மெதுவான ஒன்றை எடுத்துப் பாருங்கள்.

படி 6: ஒவ்வொருவர் பங்கையும் கோடு போட்டு எண்ணுங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். சைம்களின் பெயரை வரிசையாக எழுதுங்கள். பாட்டை முதலிலிருந்து கடைசி வரை விரலால் தொடர்ந்து, ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். கால் மணி நேரம்தான் ஆகும். யார் ஓய்வே இல்லாமல் அடிக்கப் போகிறார், யார் சும்மா நிற்கப் போகிறார் என்பது தெரிந்துவிடும். யாருக்காவது எட்டுக்குக் கீழே வந்தால், துணைக் கார்டில் அவருடைய சுரம் வருகிற மாதிரி ஏதாவது சேர்க்கிறேன், அல்லது மெட்டின் ஒரு சைமை அவருக்கு மாற்றிக் கொடுக்கிறேன். இரண்டும் முடியாவிட்டால் பாட்டை மாற்றுகிறேன்.

பக்கேல்பெல் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் கேனன் இதற்கு நல்ல உதாரணம். அதன் அடிநாதம் எட்டுச் சுரங்கள் கொண்ட ஒரே வரிசை, 28 முறை திரும்பத் திரும்ப வரும். கீழ்ச் சுரம் வைத்திருப்பவர்களுக்குக் கடைசி வரை வேலை இருக்கும். மேலே வரும் வேக வரிகளை மட்டும் விட்டுவிட்டு எளிமையாக்கிய தாளாகப் பார்த்து வாங்குங்கள்.

படி 7: சைம் மாற்றும் இடங்களைப் பாருங்கள்

எஃப்-ஐக் கீழே வைத்துவிட்டு எஃப் ஷார்ப்பை எடுக்க நேரம் வேண்டும். நாலைந்து தாளமாவது இடைவெளி இல்லாவிட்டால் பதற்றமாகிவிடும். சி, ஜி, எஃப், டி ஸ்கேல்களில், நடுவில் ஸ்கேல் மாறாத பாட்டாக எடுங்கள்.

படி 8: முறைப்படி வாங்குங்கள்

ஒரு பிரதி வாங்கி எட்டு நகல் எடுப்பது பதிப்புரிமைக்கு எதிரானது. ஆளுக்கொரு பிரதி வாங்க வேண்டும். காசு இல்லையென்றால் வேறு வழி இருக்கிறது. அமெரிக்காவில் 95 ஆண்டுகளுக்கு முன் வெளியான பழைய மெட்டு எல்லோருக்கும் பொது. அதை நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதே பழைய மெட்டுக்கு இன்றைக்கு ஒருவர் எழுதிய இசையமைப்பு அவருடையது.

தாள் கைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் தன் இடக்கைச் சுரத்தை நீலத்திலும் வலக்கைச் சுரத்தைச் சிவப்பிலும் வட்டமிடட்டும். நொட்டேஷன் தெரியாதவர்களும் நிறத்தைப் பார்த்து வாசித்துவிடுவார்கள். முதல் ஒத்திகையில் எட்டுத் தாளச் சுற்று (மெஷர்) மட்டும் வாசியுங்கள். நாலாவது தடவையும் யாராவது தன் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தால், அந்தத் தாளைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு அடுத்த வாரம் இன்னும் எளிய ஒன்றைக் கொண்டு வாருங்கள்.