போர் விமான சிமுலேட்டர்: ஜாய்ஸ்டிக்கைச் சரியாகப் பொருத்தி, சீராக்கி, சோதித்துப் பார்ப்பது எப்படி?

போர் விமான சிமுலேட்டருக்குப் புதிதாக வருபவர்களில் பெரும்பாலானோர் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். விமானத்தின் மூக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். பிடித்து நிறுத்தப் போனால் ஆட்டம் இன்னும் கூடும். உடனே அமைப்புத் திரைக்குப் போய், ஸ்டிக்கின் நடுப்பகுதி உணர்திறனைக் குறைக்கும் கர்வேச்சர் (கர்வ்) எண்ணை 30, 40 என்று ஏற்றிவிடுவார்கள். ஆட்டம் அடங்கியது போலத் தெரியும். ஆனால் தரையிறங்கும்போதும், சண்டையில் இறுக்கித் திரும்பும்போதும் விமானம் சொன்ன பேச்சைக் கேட்காது.

கோளாறு பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கிறது: ஆடும் அடித்தளத்தில், அழுக்கான சிக்னலில், ஒரே வேலைக்கு இரண்டு ஆக்ஸிஸ் (கருவியின் அசையும் அச்சு) ஒதுக்கியதில். அதனால் வரிசை முக்கியம். முதலில் பொருத்துதல், பிறகு சிக்னல், பிறகு ஒதுக்கீடு, கர்வ் கடைசியில்.

இங்கே டிசிஎஸ் வேர்ல்ட் என்ற சிமுலேட்டரை எடுத்துக்கொள்வோம். அடிப்படைத் தொகுப்பு இலவசம். அதிலேயே சு-25டி தாக்குதல் விமானமும் டிஎஃப்-51டி பயிற்சி விமானமும் கிடைக்கின்றன. கீழே சொல்லும் அளவீட்டு முறைகள் ஃபால்கன் பிஎம்எஸ் உட்பட எந்த சிமுலேட்டருக்கும் பொருந்தும். மெனுவின் பெயர்கள்தான் மாறும்.

படி 1: அசையாமல் பொருத்துங்கள்

ஜாய்ஸ்டிக்கின் அடிப்பாகம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அந்த அளவு கைவிசை விமானத்துக்குப் போய்ச் சேராது. அடுத்த நொடி அது வேறு அளவில் போகும். கிளாம்ப் போட்டு மேசையிலோ நாற்காலியின் பக்கத்திலோ இறுக்குங்கள். அதற்கு வழியில்லையென்றால் கனமான பலகையில் திருகி, பலகையின் அடியில் ரப்பர் ஒட்டுங்கள்.

முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கி, முன்கை எதன் மீதாவது தாங்கியிருக்க வேண்டும். கை அந்தரத்தில் இருந்தால் தோள்பட்டையால் ஓட்டத் தொடங்கிவிடுவீர்கள். நுணுக்கமான அசைவு தோளிலிருந்து வராது. பெடல் வைத்திருப்பவர்கள் நாற்காலியின் சக்கரங்களைப் பூட்டுங்கள். இல்லையென்றால் பெடலை அழுத்தும்போது பின்னால் போவது நாற்காலிதான்.

ஸ்டிக்கின் நீளத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். பிடி சுழலும் இடத்திலிருந்து 20 செ.மீ. உயரத்தில் கை இருந்து, ஸ்டிக் ஒரு பக்கம் 20 பாகை சாய்ந்தால், கை நகரும் தூரம் சுமார் 7 செ.மீ. மட்டுமே. அந்த 7 செ.மீ.க்குள் விமானத்தின் முழுத் திறனும் அடங்க வேண்டும். நீட்டிப்புக் குழாய் போட்டு 40 செ.மீ. ஆக்கினால் அதே சாய்வுக்குக் கை சுமார் 14 செ.மீ. நகரும், கர்வ் எதுவும் இல்லாமலேயே நுணுக்கம் இரட்டிப்பாகிவிடும். ஆனால் குழாய் நீண்டால் ஸ்பிரிங் தளர்ந்தது போல் இருக்கும், அடித்தளத்தில் விழும் விசையும் கூடும். கனமான ஸ்பிரிங்கும் உறுதியான கிளாம்ப்பும் இல்லாமல் நீட்டிப்பு போடாதீர்கள்.

படி 2: சிக்னலைப் படியுங்கள்

சிமுலேட்டரைத் திறக்கும் முன் ஸ்டிக் என்ன அனுப்புகிறது என்று பாருங்கள். விண்டோஸ் தேடலில் ஜாய்ஸ்டிக் அமைப்பைத் திறந்தால் ஒரு கட்டமும் கூட்டல் குறியும் தெரியும். நடுவில் நிற்கிறதா, மூலைகளைத் தொடுகிறதா என்று பார்க்க அது போதும். எண்ணாகப் பார்க்க, தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளையோ ஜாய்ஸ்டிக் கிரெம்லின் என்ற இலவசக் கருவியையோ பயன்படுத்துங்கள்.

தயாரிப்பாளர் தனியாகக் கேலிபரேஷன் (அளவுத் திருத்தம்) கருவி கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள், விண்டோஸ் கேலிபரேஷனைத் தொடாதீர்கள். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறினால், ஸ்டிக்கின் நடுப்புள்ளி ஏன் நகர்ந்தது என்று பிறகு கண்டுபிடிப்பது கடினம்.

இப்போது நடுப்புள்ளியை அளவெடுங்கள். ஸ்டிக்கை முன்னால் தள்ளி மெதுவாக நடுவுக்குக் கொண்டுவந்து விடுங்கள், எண்ணைக் குறியுங்கள். பின்னாலிருந்தும், இடமிருந்தும், வலமிருந்தும் அதேபோல். 0 முதல் 65535 வரை காட்டும் கருவியில் நடு 32767. நான்கு முறையும் நடுவிலிருந்து 300க்கு மேல் விலகவில்லை என்றால், விலகல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. டெட்ஸோன் (நடுவில் ஸ்டிக் அசைந்தாலும் கணக்கில் எடுக்கப்படாத பகுதி) 1 போதும். 1500 விலகினால் கிட்டத்தட்ட 5 சதவீதம். அப்போது டெட்ஸோன் போடுவதற்கு முன் ஸ்பிரிங்கையும் இணைப்பையும் பாருங்கள்.

கை படாதபோதே எண் துள்ளிக்கொண்டிருந்தால் அது வேறு நோய். பொட்டென்ஷியோமீட்டர் கொண்ட ஸ்டிக்குகளில் உள்ளே தேய்மானமும் தூசியும் சேர்ந்து இப்படிச் செய்யும். காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சாரில் உரசும் பகுதி இல்லாததால் இந்தத் தேய்மானம் வராது. ஒரே ஒரு பொருளுக்குக் கூடுதலாகச் செலவழிக்க முடியும் என்றால் அதை ஹால் சென்சார் உள்ள ஸ்டிக்குக்குச் செலவழியுங்கள். பட்டன்களின் எண்ணிக்கைக்கு அல்ல.

பறக்கும்போது ஸ்டிக் திடீரென்று செத்துப்போனால் யுஎஸ்பி பக்கம் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும், மின்சாரத்தைச் சேமிக்கச் சாதனத்தை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். ஸ்டிக், த்ராட்டில் (என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லிவர்), பெடல் மூன்றையும் ஒரே ஹப்பில் செருகுவதானால் அது தனி அடாப்டர் உள்ள ஹப்பாக இருக்கட்டும்.

படி 3: ஒரு வேலைக்கு ஒரே ஆக்ஸிஸ்

டிசிஎஸ் புதிதாக எதைச் செருகினாலும் அதற்குத் தானாகவே ஆக்ஸிஸ்களை ஒதுக்கிவிடும். பெடலின் இடது பிரேக் பிட்ச்சாகவும் (மூக்கை ஏற்றி இறக்குவது), த்ராட்டிலின் சிறு குமிழ் ரோலாகவும் (பக்கவாட்டில் உருட்டுவது), ஓரத்தில் கிடக்கும் கேம்பேட் ரட்டராகவும் (மூக்கை இடம் வலம் திருப்புவது) பதிவாகியிருக்கும். விமானம் தானாக ஒரு பக்கம் உருண்டால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும்.

கண்ட்ரோல்ஸ் திரையில் இடது மேல்புறப் பட்டியலில் உங்கள் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரே விமானத்துக்கு எளிய வகை, சிம் வகை என இரண்டு இருந்தால் சிம் வகையைத் திறங்கள். தவறான வகையில் ஒரு மணி நேரம் பட்டன் ஒதுக்கிவிட்டு, ஒன்றும் வேலை செய்யவில்லை என்பது புதியவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார். அடுத்து ஆக்ஸிஸ் பிரிவுக்குப் போய், ஒவ்வொரு சாதனத்தின் நெடுவரிசையையும் முழுவதுமாக அழித்துவிட்டு, கீழ்க்கண்டவற்றை மட்டும் கையால் ஒதுக்குங்கள்: பிட்ச், ரோல், ரட்டர், த்ரஸ்ட், பெடல் இருந்தால் இடது வலது வீல் பிரேக்.

வீல் பிரேக் பெரும்பாலான பெடல்களில் தலைகீழாக வரும். காலை எடுத்தால் முழு பிரேக், அழுத்தினால் விடுதலை. என்ஜின் உறுமியும் விமானம் நகரவில்லை என்றால் ஆக்ஸிஸ் ட்யூனில் இன்வெர்ட் குறியைப் போடுங்கள்.

காக்பிட்டுக்குள் போய் வலது கண்ட்ரோல், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். சிவப்புக் கட்டம் ஒன்று வரும்: ஸ்டிக், ரட்டர், த்ராட்டில் எங்கே இருக்கின்றன என்று சிமுலேட்டர் நினைப்பதை அது காட்டும். கை எடுத்த நிலையில் குறி நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

பட்டன்கள் குறைவாக இருந்தால் சுண்டுவிரல் பட்டனை மாடிஃபையராக வையுங்கள். மற்ற ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டாவது வேலை கிடைக்கும். முதல் வாரத்துக்கு ட்ரிம் (கை எடுத்தாலும் விமானம் அதே நிலையில் பறக்கும்படி சரிசெய்வது), ஸ்பீட் பிரேக், ட்ரிக்கர், ஆயுத விடுவிப்பு, சென்சார் தேர்வு ஆகியவை போதும். லேண்டிங் கியருக்கு ஜி கீ இருக்கிறது, காக்பிட்டில் மற்றதை மவுஸால் சொடுக்கலாம்.

படி 4: டெட்ஸோனும் கர்வேச்சரும்

1974 ஜனவரி 20 அன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் ஒய்எஃப்-16 முன்மாதிரி அதிவேக டாக்ஸி சோதனையில் (தரையிலேயே ஓட்டிப் பார்ப்பது) ஓடியது. அதன் ஸ்டிக் நகராது. கைவிசையை மட்டும் அளக்கும். ரோல் உணர்திறன் அளவுக்கு மீறி வைக்கப்பட்டிருந்ததால் விமானம் இடமும் வலமுமாகப் பலமாக ஆடியது, வால்பகுதி தரையை உரசியது. பைலட் ஃபில் ஓஸ்ட்ரிகர் திருத்தத் திருத்த ஆட்டம் தொடர்ந்தது. ஓடுபாதையை விட்டு விலகுவதைப் பார்த்து அவர் விமானத்தை மேலெழுப்பி, சுமார் ஆறு நிமிடம் பறந்து பத்திரமாக இறக்கினார். திட்டமிட்ட முதல் பறப்பு பிப்ரவரி 2 அன்றுதான் நடந்தது. பின்னாளில் எஃப்-16இன் ஸ்டிக் சிறிதளவு நகரும்படி மாற்றப்பட்டது. உங்கள் மேசையில் மூக்கு ஆடுவதும் இதே வகைதான்: நடுப்பகுதியில் உணர்திறன் அதிகம், கையின் திருத்தம் ஒரு கணம் தாமதம், இரண்டும் சேர்ந்தால் அலைவு.

கர்வேச்சர் இதைச் சரிசெய்யும், ஆனால் ஒரு விலைக்கு. ஸ்டிக்கின் முழு அசைவு விமானத்தின் முழுத் திறனைத் தந்தாக வேண்டும். நடுவில் உணர்திறனைக் குறைத்தால், குறைத்த அளவு ஓரத்தில் வந்து சேரும். இறுக்கித் திரும்பும்போது ஸ்டிக் ஓரத்தில்தான் இருக்கும். அங்கே ஒரு சிறு நடுக்கம்கூட பெரிய ஜி (விமானத்தின் மேல் விழும் விசை) மாற்றமாகிவிடும். கர்வேச்சர் 40 வைத்தவர்கள் சண்டையில் வேகத்தை இழப்பது இதனால்தான்.

தொடங்க ஏற்ற எண்கள்: மேசை நீள ஸ்டிக்குக்குப் பிட்ச் 15, ரோல் 10. 10 செ.மீ.க்கு மேல் நீட்டிப்பு இருந்தால் இரண்டுக்கும் 0. முறுக்கி இயக்கும் ரட்டருக்கு 20, அதோடு டெட்ஸோன் 5 முதல் 8 வரை. ஸ்டிக்கை இழுக்கும்போது மணிக்கட்டு தன்னையறியாமல் முறுக்கும் என்பதால் இது தேவை. எஃப்-16, ஹார்னெட் போன்ற ஃப்ளை-பை-வயர் (ஸ்டிக்கின் கட்டளையைக் கணினி வழியாக நிறைவேற்றும்) விமானங்களில் வானில் ரட்டர் அதிகம் தேவைப்படாது. எஃப்-14 பறப்பவர்களுக்குக் கதை வேறு: மூக்கு உயர்ந்த நிலையில் அதை உருட்டுவதற்கே ரட்டர் வேண்டும், அங்கே டெட்ஸோனைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சாச்சுரேஷன் ஒய்-யைத் தொடாதீர்கள். அது விமானத்தின் உச்சத் திறனையே வெட்டிவிடும். சாச்சுரேஷன் எக்ஸ் வேறு: ஸ்டிக் முழுதாகப் போயும் 97 சதவீதம்தான் காட்டுகிறது என்றால், அதை 96 ஆக்கினால் முழு அளவும் கிடைக்கும்.

படி 5: த்ராட்டிலும் ஆஃப்டர்பர்னரும்

த்ராட்டிலுக்கு முதலில் ஸ்லைடர் குறியைப் போடுங்கள். அப்போதுதான் கர்வ் நடுவிலிருந்து கணக்கிடாமல் ஒரு முனையிலிருந்து கணக்கிடும். லிவரை முழுக்கப் பின்னால் இழுத்தும் என்ஜின் ஐடிலுக்கு (குறைந்தபட்ச ஓட்டத்துக்கு) இறங்கவில்லை என்றால் டெட்ஸோன் 2 அல்லது 3 கொடுங்கள்.

உங்கள் த்ராட்டிலில் ஆஃப்டர்பர்னருக்கென்று (கூடுதல் எரிபொருளை எரித்து அதிக உந்துவிசை தரும் அமைப்பு) ஒரு தடுப்புப் பள்ளம் இருந்தால் அதை விமானத்தோடு பொருத்தியாக வேண்டும். இல்லையேல் பள்ளத்துக்கு முன்பே ஆஃப்டர்பர்னர் பற்றி, எரிபொருள் சில நிமிடங்களில் காலியாகும். சிவப்புக் கட்டத்தைத் திறந்து, லிவரை மெல்ல முன்னேற்றி, எரிபொருள் ஓட்டம் சட்டென்று எகிறும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அது அச்சின் எத்தனை சதவீதம் என்று குறியுங்கள்.

உதாரணமாக, பள்ளம் 70 சதவீதத்தில் இருக்கிறது, ஆஃப்டர்பர்னர் 78இல் பற்றுகிறது என்று கொள்வோம். யூசர் கர்வைத் தேர்ந்தெடுத்தால் 0 முதல் 100 வரை பதினொரு கட்டங்கள் வரும். அவற்றில் 0, 11, 22, 33, 43, 54, 65, 76, 84, 92, 100 என நிரப்புங்கள். பள்ளத்தில் லிவர் நிற்கும்போது 76 போகிறது. தாண்டினால்தான் தீ பற்றும். அந்த இரண்டு சதவீத இடைவெளி கை நடுக்கத்துக்கானது.

படி 6: வானில் சோதியுங்கள்

மிஷன் எடிட்டரில் காற்று பூஜ்யம், எரிபொருள் பாதி, ஆயுதம் இல்லாமல், 10,000 அடியில் 350 நாட் வேகத்தில் பறக்கும் ஒரு சிறு மிஷன் செய்து வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் இதே மிஷனில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே எண்ணை மாற்றுங்கள், ஐந்து ஐந்தாக.

முதலில் கையை எடுத்துவிட்டு அரை நிமிடம் பாருங்கள். ஃப்ளை-பை-வயர் விமானம் ஏறக்குறைய நேராகப் போக வேண்டும். சு-25டி அப்படியல்ல, வேகம் மாறும்போதெல்லாம் அதை நீங்கள் ட்ரிம் செய்ய வேண்டும், அதைக் கோளாறு என்று நினைக்காதீர்கள். அடுத்து 30 பாகை சாய்த்து முழு வட்டம் போடுங்கள். உயரம் 100 அடிக்கு மேல் மாறக்கூடாது. மாறினால் பிட்ச்சில் 5 கூட்டுங்கள்.

கடினமான சோதனை மூன்றாவது. இன்னொரு விமானத்தின் பின்னால் 300 மீட்டரில் நின்று, கன் குறியை அதன் மேல் ஒரு நிமிடம் வைத்திருங்கள். குறி இலக்கைத் தாண்டித் தாண்டி ஆடினால் கர்வேச்சர் குறைவு. இலக்கை எட்டவே தாமதித்து, பிறகு திடீரென்று பாய்ந்தால் அதிகம். பிடியை இரண்டு விரலால் பிடித்துப் பறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இறுக்கிப் பிடிக்கும் கையின் நடுக்கத்தைக் கர்வ் போட்டு மறைக்கத் தேவையில்லை.

கடைசியாகத் தரையிறக்கம். ஹார்னெட்டில் 250 நாட்டுக்குக் கீழே கியரை இறக்கி, ஃபிளாப்பை முழுதாக வைத்து, தாக்கு கோணம் (இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணம்) 8.1 பாகையில் நிற்கும் வரை ட்ரிம் செய்யுங்கள். எச்யுடியில் (பைலட்டின் கண்முன் உள்ள கண்ணாடித் திரை) திசைவேகக் குறி, ஆங்கில E வடிவ அடைப்பின் நடுவில் வந்து நிற்கும். அதன்பின் ஸ்டிக் இறக்கையை மட்டப்படுத்த மட்டும்; இறங்கும் பாதையைத் த்ராட்டில் பார்த்துக்கொள்ளும். த்ராட்டிலைச் சிறிதாக அசைத்தும் விமானம் பாதையின் மேலும் கீழும் அலைந்தால், படி 5இல் பள்ளத்துக்கு முந்தைய கட்டங்கள் சீரான இடைவெளியில் ஏறுகின்றனவா என்று திரும்பப் பாருங்கள்.

படி 7: நகல் எடுத்து வையுங்கள்

ஒதுக்கீடுகள் எல்லாம் சேவ்டு கேம்ஸ் ஃபோல்டருக்குள் டிசிஎஸ், கான்ஃபிக், இன்புட் என்ற வழியில் இருக்கின்றன. அந்த இன்புட் ஃபோல்டரை வேறிடத்தில் நகலெடுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் சாதனத்தின் அடையாள எண் ஒட்டியிருக்கும். ஸ்டிக்கை வேறு யுஎஸ்பி துளையில் செருகும்போது விண்டோஸ் அதைப் புதிய சாதனமாக எண்ணினால் ஒதுக்கீடுகள் காணாமல் போனது போலத் தோன்றும். பழைய துளையிலேயே திரும்பச் செருகினால் வந்துவிடும். எந்த வயர் எந்தத் துளையில் என்று ஒரு சிறு லேபிள் ஒட்டிவிடுங்கள்.