லைன், ஷேப், டெக்ஸ்ச்சர்னு ஷூட் போறவங்க வழக்கமா பண்ற தப்புகள்

போட்டோகிராஃபி கோர்ஸ்ல சேர்ந்ததும் சீக்கிரமே தலையில வந்து விழுற வேலை ஃபார்மல் எலிமென்ட்ஸ், அதாவது ஒரு படம் எதெதால ஆகியிருக்கோ அந்த அடிப்படை அம்சங்கள்தான். லைன், ஷேப், ஃபார்ம், டெக்ஸ்ச்சர், பேட்டர்ன், டோன், கலர், ஸ்பேஸ், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஷூட் பண்ணி, எடுத்த படத்தையெல்லாம் சின்னச் சின்னதா ஒரே தாள்ல அடுக்கி காண்டாக்ட் ஷீட் போட்டு கொண்டு வாங்கனு சொல்லிடுவாங்க. இதென்ன பெரிய விஷயம்னு தோணும். அதனாலயே நிறைய பேர் ஒரே சாயங்காலத்துல கேமராவ மாட்டிக்கிட்டு கெளம்பி, கண்ல பட்டதெல்லாம் எடுத்துத் தள்ளிட்டு, திரும்பி வந்து லேப்டாப் முன்னாடி உக்காந்து இது லைன் ஃபோல்டர், இது டெக்ஸ்ச்சர் ஃபோல்டர், இது எதுலயும் சேரல சரி கலர்ல போட்டுக்கலாம்னு பிரிச்சு வெப்பாங்க. மத்த தப்பு முக்காவாசியும் இங்க இருந்துதான் கெளம்புது.

ஏன்னா லைனோ டெக்ஸ்ச்சரோ அந்தப் பொருளுக்குள்ள ரெடியா உக்காந்திருக்கிற சமாச்சாரம் கிடையாது. ஒரு படிக்கட்ட எடுத்துக்கோங்க. மேல நின்னு கீழ பாத்து எடுத்தா பட்டை பட்டையா பேட்டர்ன். பக்கவாட்டுல போய் நின்னா மேல ஏறுற ஒரு ஜிக்ஜாக் லைன். வெயில் சாஞ்சு அடிக்கிற நேரத்துல போனா ஒவ்வொரு படிக்கும் மேல்பக்கம் பளிச்சுனும் முன்பக்கம் இருட்டாவும் பிரிஞ்சு ஃபார்ம் எந்திரிச்சு நிக்கும். முட்டி போட்டு லென்ஸ படி மட்டத்துக்கு இறக்கினா சிமெண்ட்டோட சொரசொரப்பு, டெக்ஸ்ச்சர். படிக்கட்டு அதேதான், நீங்க நிக்குற இடமும் வெளிச்சம் வர்ற திசையும்தான் மாறிச்சு. இத புரிஞ்சுக்காம "படிக்கட்டு எடுத்தேன், அதனால லைன்"னு எழுதுறவங்க ஃபைல்ல எல்லா படமும் ஒரே மாதிரி இருக்கும், கண் மட்டத்துல நின்னு, எதிர்ல பாத்து, பொருள நடுவுல வெச்சு. அதனால ஒரு தடவை வெளிய போறப்ப ஒரே ஒரு எலிமென்ட்ட மட்டும் மனசுல வெச்சுட்டுப் போங்க, வழியில சூப்பரா ஒரு கலர் தெரிஞ்சாலும் பரவால்ல, அது இன்னொரு நாளைக்கு.

டெக்ஸ்ச்சர் ஷூட்லதான் அதிகமா சொதப்புறாங்கனு எனக்குத் தோணுது. பெயின்ட் உரிஞ்ச செவுரு, மரப்பட்டை, துருப்பிடிச்ச இரும்புனு பொருள் எல்லாம் சரியாத்தான் தேடிப் பிடிக்கிறாங்க, ஆனா வெயில் நேரா அடிக்கிறப்பவோ கேமரா ஃப்ளாஷ் போட்டோ எடுத்துட்டு வர்றாங்க. ஃப்ளாஷ் லென்ஸ் பக்கத்துலயே இருக்கறதால வெளிச்சம் நேரா போய் மோதும், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவுல நிழலே விழாது, நிழல் இல்லனா கண்ணுக்கு சொரசொரப்பு தெரிய வழியே இல்ல. உச்சி வெயில் தரைக்கும் இதையேதான் பண்ணும். ஆனா செவுத்துக்கு அப்படி இல்ல, வெயில் அத ஒட்டி மேல இருந்து கீழ வழியுற அந்தக் கொஞ்ச நேரம் செவுத்து டெக்ஸ்ச்சருக்கு பிரமாதமான நேரம். அதனால காலை சாயங்காலம்தான் நல்ல லைட்டுனு மனப்பாடம் பண்ணி வெச்சுக்காதீங்க, எந்தப் பரப்பு எந்தப் பக்கம் பாத்து இருக்குனு பாருங்க.

இத நம்பலனா ஒரு வெள்ளப் பேப்பர கசக்கி, திரும்ப விரிச்சு, டேபிள் மேல வெச்சு ரூம் லைட்ட அணைச்சிடுங்க. போன் டார்ச்ச பேப்பருக்கு நேர் மேல பிடிங்க, கசங்கினது லேசாத்தான் தெரியும். அப்படியே கைய மெதுவா பக்கவாட்டுல இறக்கிட்டே வாங்க. டேபிள்ல இருந்து ஒரு கை உயரம் வர்றப்ப மடிப்பு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் நிழல் பிடிக்க ஆரம்பிக்கும், இன்னும் இறக்கி பேப்பர உரசுற மாதிரி கொண்டு வந்தா மலைத்தொடர மேல இருந்து பாக்குற மாதிரி ஆகிடும், ரொம்ப இறக்கினா நிழல் எல்லாத்தையும் முழுங்கிடும். நேர் மேல, ஒரு கை உயரம், உரசுற மாதிரினு அந்த மூணு நிலையையும் மூணு படமா எடுத்து வெச்சாலே அது ஒரு நல்ல காண்டாக்ட் ஷீட். இது புரிஞ்சவங்க அப்புறம் எடிட்டிங்ல சொரசொரப்ப எடுத்துக் காட்டுற கிளாரிட்டி ஸ்லைடர கடைசி வரைக்கும் இழுக்க மாட்டாங்க. வெளிச்சத்துல இல்லாத டெக்ஸ்ச்சர ஸ்லைடர்ல வரவழைச்சா ஓரத்துல எல்லாம் வெள்ளையா ஒரு கோடு ஓடும், பாக்குறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும்.

அடுத்து ஷேப்புக்கும் ஃபார்முக்கும் ஒரே படத்த குடுக்குறது. ஷேப்னா வெறும் அவுட்லைன், தட்டையா இருக்கும். ஃபார்ம்னா அதுக்கு கனம் வேணும், பின்னாடி ஒரு பக்கம் இருக்குனு தோணணும். ஒரு முட்டைய ஜன்னல் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஜன்னல் பாத்த பக்கம் வெளுப்பு, அங்க இருந்து படிப்படியா சாம்பலாகி, ஒரு இடத்துல ரொம்ப அடர்த்தியா ஒரு பட்டை, அதுக்கும் அந்தப் பக்கம் விளிம்புல டேபிள்ல பட்டுத் திரும்புற வெளிச்சத்தால மறுபடி லேசா ஒரு வெளுப்பு. அந்தக் கடைசி வெளுப்புதான் உருண்டைய உருண்டையா காட்டுது. அதே முட்டைக்கு நேர் பின்னாடி ஜன்னல் வர்ற மாதிரி நீங்க சுத்தி வந்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள்ள விடுற வெளிச்ச அளவ, வெச்சா கருப்பா ஒரு ஓவல் மட்டும் கிடைக்கும், அது ஷேப்.

அமெரிக்க போட்டோகிராஃபர் எட்வர்ட் வெஸ்டன் 1930ல ஒரு குடமிளகாய எடுத்தார், பெப்பர் நம்பர் 30னு இன்னைக்கும் எல்லா க்ளாஸ்லயும் காட்டுறாங்க. அத அவர் ஒரு தகர புனலுக்குள்ள வெச்சு எடுத்தார். சுத்தி இருக்குற தகரம் வெளிச்சத்த நாலா பக்கமும் திருப்பி அடிக்கிறதால வளைவு ஒவ்வொண்ணும் மெதுவா உருண்டு இருட்டுக்குள்ள போகுது. அந்தப் படத்தப் பாத்துட்டு குடமிளகாய் வாங்கிட்டு வந்து டியூப் லைட்டுக்குக் கீழ வெச்சு எடுக்குறவங்க நிறைய பேர். காப்பி அடிக்க வேண்டியது மிளகாய இல்ல, புனல.

ஷேப் எடுக்கறப்ப நடக்குற இன்னொரு கூத்து, சில்லவுட், அதாவது வெளிச்சத்துக்கு முன்னாடி கருப்பா தெரியுற உருவம், எடுக்குறோம்னு ரெண்டு மூணு பேர ஒட்டி ஒட்டி நிக்க வெச்சு எடுக்குறது. கருப்பானதும் எல்லாரும் ஒண்ணா சேர்ந்து ஒரு உருண்டை ஆகிடுவாங்க, கை எது கால் எதுனு தெரியாது. ஒவ்வொரு உருவத்துக்கும் நடுவுல வெளிச்சம் நுழையணும், முகம் சைடுல திரும்பி இருக்கணும். மேகமூட்டமா இருந்தா ஷூட் கேன்சல்னு வேற சிலர் போய்ப் படுத்துடுவாங்க. ஜெர்மனில பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர்னு ஒரு தம்பதி, 1959ல இருந்து பல வருஷம் தண்ணி டேங்க், இரும்பு உருக்குற உலைனு எடுத்தாங்க, வேணும்னேதான் மேகம் மூடின நாளா பாத்துப் போவாங்க. நிழல் குறுக்க வராம, பின்னாடி வானம் ஒரே சாம்பலா இருந்தாதான் ஒரு டேங்க் ஷேப்ப இன்னொரு டேங்கோட வெச்சு ஒப்பிட முடியும். எலிமென்ட் எதுன்னு முடிவு பண்ணிட்டா மோசமான லைட்டுனு நெனச்சதே சரியான லைட்டா ஆகுது.

போன்ல எடுக்குறவங்களுக்கு ஒரு விஷயம். போன் தானாவே எச்டிஆர் போட்டு இருட்ட தூக்கி வெளிச்சத்த இறக்கிடும், ஃபார்முக்கும் டோனுக்கும் நீங்க கஷ்டப்பட்டு தேடின நிழல் எல்லாம் காணாமப் போயிடும். ஆஃப் பண்ண வழி இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, இல்லனா ஸ்க்ரீன தொட்டு எக்ஸ்போஷர கொஞ்சம் கீழ இழுத்துட்டு எடுங்க.

டோன்ல, அதாவது வெள்ளைல இருந்து கருப்பு வரைக்கும் உள்ள அளவுகள்ல, மாட்டிக்கறது வெளிச்சத்த அளக்குற மீட்டர்கிட்ட. கிரே கார்டு பாத்திருப்பீங்க, 18 சதவீதம் வெளிச்சத்த திருப்பி அனுப்புற அட்டை, கேமரா மீட்டர் எதப் பாத்தாலும் கிட்டத்தட்ட அந்த மாதிரி நடு சாம்பலாக்கத்தான் பாக்கும். அதனால ஃப்ரேம் முழுக்க வெள்ளைச் செவுரு இருந்தா அழுக்கா வரும், முழுக்க கருப்புத் துணி இருந்தா வெளிறிப் போய் வரும். வெள்ளைக்கு ஒண்ணு ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினா வெளிச்சம் ரெண்டு மடங்கு) கூட்டணும், கருப்புக்கு அதே மாதிரி குறைக்கணும், இத பண்ணாம எடிட்டிங்ல பாத்துக்கலாம்னு கேமராவே சுருக்கி வெக்கிற ஜேபெக் ஃபைலா எடுத்துட்டு வந்தா, அழுக்கா வந்த வெள்ளைய தூக்குறப்ப நிழல் எல்லாம் புள்ளி புள்ளியாத்தான் எந்திரிக்கும்.

இன்னொண்ணு, கலர்ல பளிச்சுனு இருந்த படத்த அப்படியே பிளாக் அண்ட் வொயிட்டுக்கு மாத்திட்டு டோன்னு பேர் வெக்கிறது. பச்சை இலைக்கு நடுவுல சிவப்புப் பூ கலர்ல கத்திட்டு நிக்கும், பிளாக் அண்ட் வொயிட்ல போட்டா ரெண்டும் ஒரே சாம்பல்ல கரைஞ்சு பூ எங்கனு தேடணும். சாம்பலா மாத்துறதுக்கு பழைய டிவி காலத்துல இருந்து புழங்குற ஒரு கணக்கு இருக்கு, பச்சைக்கு 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 சதவீதம் வெயிட்டேஜ். அதாவது நல்ல அழுத்தமான சிவப்பும் சுமாரான பச்சையும் ஒரே இடத்துல வந்து நிக்கும். எடிட்டிங்ல கலர் ஒவ்வொண்ணோட ஸ்லைடரும் தனித்தனியா இருக்கும், சிவப்ப ஏத்தி பச்சைய இறக்கினா பூ வெளிய வந்துடும். அதவிட நல்லது, கேமராவோட பிக்சர் ஸ்டைல மோனோக்ரோம்ல வெச்சு ரா ஃபைலா, அதாவது சென்சார் பிடிச்சத அப்படியே வெக்கிற ஃபைலா எடுங்க, ஸ்க்ரீன்ல சாம்பலா தெரியும், ஃபைல்ல கலர் பத்திரமா இருக்கும், கண்ணுக்கும் நல்ல பழக்கம்.

லைனுக்கு வருவோம். ரோடு, தண்டவாளம், பாலம், கைப்பிடி, இந்த நாலத் தாண்டி பெரும்பாலும் யாரும் போறதே இல்ல. பார்வைய கூட்டிட்டுப் போற கோடுங்கற அர்த்தத்துல லீடிங் லைன்னு பேர் வேற, எங்க லீட் பண்ணுதுனு பாத்தா அந்தக் கோடு போய் முடியுற இடத்துல ஒண்ணுமே இருக்காது, இல்ல குப்பைத்தொட்டி இருக்கும். கோடு ஃப்ரேம்க்குள்ள எங்க நுழையுது, எந்த ஓரத்துல வெளிய போகுதுனு பாத்துட்டு ஷட்டர அமுக்குங்க, சரியா மூலையில போய் முட்டுற கோடு பார்வைய வெளிய இழுத்துட்டுப் போயிடும். நிழலும் லைன்தான்ங்கறது ஏனோ பலருக்குத் தோணறதே இல்ல. ஹங்கேரில பிறந்த போட்டோகிராஃபர் ஆந்த்ரே கெர்டெஸ் 1928ல எடுத்த ஒரு படத்துல தட்டு விளிம்புல சாஞ்சிருக்குற ஒரு முள்கரண்டி, அதோட நிழல், அவ்வளவுதான் இருக்கு, டேபிள விட்டு எழுந்திரிக்காமலே ஒரு லைன் ஷூட் முடிஞ்சிடும்.

கோணலும் இதுல சேரும். அரை டிகிரி ஒரு டிகிரி சாஞ்ச ஹொரைசன் தப்பாத்தான் தெரியும், ஸ்டைலா தெரியணும்னா தைரியமா சாய்க்கணும், ரஷ்யக் கலைஞர் அலெக்சாண்டர் ராட்சென்கோ 1920கள்ல கட்டடங்கள அண்ணாந்தும் குனிஞ்சும் எடுத்தத பாத்தா அதுல எதேச்சையா சாஞ்சதுனு யாரும் சொல்ல மாட்டாங்க. கேமராவோட சேர்ந்து வர்ற கிட் லென்ஸ்ல 18 எம்எம்ல கிட்டப் போய் எடுத்தா ஓரத்துல இருக்குற நேர்கோடு வெளிப்பக்கமா வளையும், கொஞ்சம் பின்னால வந்து 35ல வெச்சு எடுங்க, போன்லயும் மெயின் கேமரா வைட்தான், 2 எக்ஸ் போட்டுக்கோங்க.

பேட்டர்ன் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஃப்ரேம நிரப்புங்க, செவுத்துக்கு இணையா நில்லுங்க. ஓரத்துல கொஞ்சம் வானம் கொஞ்சம் தரைனு விட்டீங்கனா அது பேட்டர்ன் இருக்குற ஒரு செவுத்தோட படம், பேட்டர்னோட படம் இல்ல. நெருக்கமான வலை, துணி இதெல்லாம் எடுத்தா மொய்ரேனு ஒரு அலை அலையான வானவில் கோடு வரும், கொஞ்சம் தள்ளி நின்னோ ஆங்கிள மாத்தியோ பாருங்க.

கலர்னா நிறைய கலர்னு நெனச்சு சாச்சுரேஷன ஏத்துறாங்க. ரெண்டு கலர், அதுல ஒண்ணு நிறைய, ஒண்ணு துளி, இது போதும். வெளிச்சத்தோட நிறத்த கேமராவே கணிச்சு சரி பண்ற ஆட்டோ வொயிட் பேலன்ஸ்ல விட்டா சாயங்கால மஞ்சள கேமரா தப்புனு நெனச்சு சரி பண்ணி வெச்சிடும், ஒரே ஷூட்ல பத்து படமும் பத்து விதமா வரும். டேலைட்ல லாக் பண்ணிட்டுப் போங்க. ஸ்பேஸ்ல வர்ற தப்பு, வெறுமைய விட்டா போதும்னு நெனக்கிறது. வெளுத்துப் போன வானம் நெகட்டிவ் ஸ்பேஸ், அதாவது பொருளச் சுத்தி வேணும்னே விடுற வெற்றிடம், ஆகாது, அதுல கொஞ்சமாவது டோன் இருக்கணும்.

எல்லாத்தையும் எஃப் 1.8ல, அதாவது லென்ஸ் ஓட்டைய அகலமா திறந்து வெச்சு, எடுத்து பின்னாடி மங்கலாக்குறது ஒரு வியாதி. செவுத்து டெக்ஸ்ச்சர சாய்வா நின்னு எஃப் 1.8ல எடுத்தா ஒரு பட்டை மட்டும் ஷார்ப்பா இருக்கும், எஃப் 8 பக்கம் போங்க. அதுக்குனு எஃப் 22க்கும் ஓடாதீங்க, ஓட்டை ரொம்பச் சின்னதாகி வெளிச்சம் விளிம்புல பட்டுப் பரவுற டிஃப்ராக்‌ஷன்ல மொத்தமும் லேசா மழுங்கிடும்.

கடைசியா ஃபைல். மோசமான படத்தையெல்லாம் கேமராவுலயே அழிச்சுட்டு நல்லது நாலு மட்டும் ஒட்டுறாங்க. சொல்லித் தர்றவங்க பாக்க நெனக்கிறது அந்த மோசமான படத்துக்கும் நல்ல படத்துக்கும் நடுவுல நீங்க என்ன மாத்துனீங்கனுதான், அத அழிச்சுட்டா காட்ட ஒண்ணும் இல்ல. படத்துக்குக் கீழ "இந்தப் படத்தில் லைன் பயன்படுத்தியுள்ளேன், பார்ப்பவர் கவனத்தை ஈர்க்கிறது"னு எழுதுறதும் அப்படித்தான், எந்தப் படத்துக்குக் கீழ வேணா ஒட்டலாம். அதுக்குப் பதிலா இப்படி எழுதிப் பாருங்க: முதல் ஃப்ரேம்ல வெயில் என் முதுகுக்குப் பின்னாடி இருந்துது, மரப்பட்டை தட்டையா வந்துது, மரத்த கால் சுத்து சுத்தி வந்து வெளிச்சம் இடது பக்கத்துல இருந்து வர்ற மாதிரி நின்னேன், எஃப் 8, வெடிப்புக்குள்ள நிழல் விழுந்துது, ஆனா வலது ஓரம் ரொம்ப இருட்டாயிடுச்சு, அடுத்த தடவை அந்தப் பக்கம் ஒரு வெள்ள அட்டை பிடிக்கணும்.