தெருவில் மரம் வைக்கப் போறீங்களா? முதலில் தண்ணீர் ஊற்ற ஆள் பிடிங்க

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரில் எங்கள் லே-அவுட்டில் முதல் வருஷம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 60 கன்று வைத்தோம், போட்டோ எடுத்தோம், பஜ்ஜி தின்றோம், சித்திரையில் எண்ணிப் பார்த்தால் 7 நின்றது. மறு வருஷம் 12தான் வைத்தோம். அதில் 11 இன்றைக்கும் இருக்கிறது, போன ஒன்றும் லாரி ரிவர்ஸ் எடுத்ததில் போனது. அதனால் குழி தோண்ட எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துக் கன்று வாங்காதீர்கள், ஏப்ரலில் குடம் தூக்க யார் வருவார்கள் என்று பாருங்கள். ஆளுக்கு இரண்டு கன்று போதும், அதுவும் அவர் வீட்டு வாசலில் நின்றால் கண்ணில் படுகிற தூரத்தில்.

அப்புறம், ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் என்று அன்றைக்கே வைக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற சாரல் நம் சட்டையை நனைக்கும், குழியை நனைக்காது. மண் ஊறுகிற மழை நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். புரட்டாசியில் குழி எடுத்து ஆறப் போடுங்கள், ஒரு நல்ல மழை இறங்கியதும் வையுங்கள்.

கேட்காமல் எங்கேயும் கடப்பாரையை இறக்கக் கூடாது. குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, கேபிள் எல்லாம் கீழே ஓடுகிறது, வார்டு ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எதிரில் இருக்கிற கடைக்காரரையும் கேளுங்கள். போர்டு மறைக்கும் என்று நினைக்கிறவர் என்றைக்காவது ஒடித்துவிடுவார், நாலடி தள்ளி வைத்தால் அவரே தண்ணீர் ஊற்றுவார். மேலே கரண்ட் கம்பி போனால் மந்தாரை, பவளமல்லி மாதிரி சின்னது. கம்பி இல்லாத இடத்தில் வேம்பு, புங்கன், பூவரசு, இலுப்பை என்று நம் வெயிலுக்குப் பழகியது. மே மாதம் சிவப்பாய்ப் பூக்கிற குல்மொகர் அழகுதான், ஆனால் காற்றில் கிளை முறியும், கார் நிறுத்துகிற தெருவுக்கு நான் சொல்ல மாட்டேன். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் கன்று கிடைக்கும், போன் போட்டுவிட்டுப் போங்கள். வெள்ளாட்டு வாய்க்கு எட்டாத மாதிரி 5, 6 அடி உயரத்தில் வாங்குவது நல்லது.

குழி குறைந்தது 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம். பாதியில் சுக்காங்கல் தட்டுப்பட்டால் சலித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள், அங்கேதான் கடப்பாரைக்கு வேலை. தோண்டியதும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மறுநாள் காலையிலும் அப்படியே நின்றால் வேர் அழுகும், வேறு இடம் பாருங்கள். மேல்மண்ணோடு மக்கிய தொழு உரமும் இரண்டு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கன்றுப் பையை இழுத்து உருவாதீர்கள், பிளேடால் பக்கவாட்டில் கிழியுங்கள். அடியில் வேர் முறுக்கு மாதிரி சுற்றிக் கிடக்கும். அந்தச் சுற்றை மட்டும் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் மரம் பெரிதான பிறகும் அது சுற்றிக்கொண்டே போய்த் தன் கழுத்தைத் தானே நெரிக்கும். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான் தரைக்கும், தண்டை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது.

ஊன்றுகோலை மேற்குப் பக்கம் நடுங்கள். ஆடிக் காற்று அங்கிருந்துதான் வரும், அப்போது கன்று கோலை விட்டு விலகித்தான் சாயும், பட்டை உரசாது. கட்டுவதற்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணிக்கு மிஞ்சியது இல்லை, எட்டு போட்ட மாதிரி தளர்வாகக் கட்டுங்கள். நைலான் கயிறும் கம்பியும் வேண்டவே வேண்டாம்.

தினம் ஒரு சொம்பு ஊற்றுவது கன்றை ஏமாற்றுகிற வேலை, வேர் மேலேயே நின்றுவிடும். வாரத்துக்கு ஒருமுறை 20 லிட்டர் கேன் ஒன்று, கோடையில் இரண்டு. கேன் அடியில் ஊசியால் ஓட்டை போட்டுப் பக்கத்தில் வைத்தால் தானாகச் சொட்டும். நாங்கள் வைத்த இரண்டு கேனை யாரோ பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்கள், இப்போது செயின் போட்டுக் கட்டுகிறோம். சுற்றிலும் தேங்காய் மட்டையோ காய்ந்த சருகோ போட்டு மூடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடைவெளி. இப்படி இரண்டு கோடை தாண்டினால் பெரும்பாலும் அதுவே பிழைத்துக்கொள்ளும்.

தெருவுக்குத் தார் போட வருகிற அன்று யாராவது ஒருவர் அங்கே நில்லுங்கள், தண்டு வரைக்கும் தாரை ஊற்றி மூடிவிட்டுப் போய்விடுவார்கள், சுற்றி மூன்றடியாவது மண்ணாக விடச் சொல்ல வேண்டும். கன்றைச் சுற்றிப் போட்ட இரும்புக் கூண்டைக் காலத்தில் கழற்றவும் மறந்துவிடாதீர்கள். எங்கள் பிள்ளையார் கோயில் முக்கில் ஒரு புங்கன், கூண்டின் வளையத்தைப் பட்டைக்குள் விழுங்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்பான்சர் பெயர் எழுதிய தகரமும் பாதி உள்ளே. தண்டு மணிக்கட்டு மொத்தம் வந்ததுமே வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டு அறுத்து எடுத்திருக்க வேண்டும்.