எறும்பைக் கண்டதும் கேத்தலைத் தூக்காதீர்கள்

மாரி ஓய்ந்து தை பிறந்தால் வன்னி வளவுகளில் மிளகாயும் கத்தரியும் பயற்றையும் செழித்து நிற்கும். கூடவே எறும்பும் ஏறும். அதைக் கண்டதும் சுடுதண்ணீரோடு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது. புற்றில் ஊற்றும் கொதிநீர் எறும்போடு நிற்பதில்லை. பக்கத்துக் கன்றின் வேரையும் அவித்துவிடும்.

பெரும்பாலும் எறும்பு மிளகாய்க் கன்றைத் தின்ன வருவதில்லை. குருத்திலையைத் திருப்பிப் பாருங்கள். அங்கே அழுக்கணவனோ பஞ்சு போன்ற வெண்மூட்டுப்பூச்சியோ ஒட்டியிருக்கும். அவை சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை வெளிவிடுகின்றன. எறும்பு அந்த இனிப்புக்காகவே வருகிறது. அது கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், அழுக்கணவனைத் தின்ன வரும் பொறிவண்டையும் அதன் புழுவையும் கடித்துத் துரத்துகிறது. இலையில் கரி பூசியதுபோல் படிவதும் அந்த இனிப்பில் வளரும் பூஞ்சணம்தான். ஒரு போகம் முழுவதும் நான் எறும்பை மட்டுமே விரட்டிக்கொண்டிருந்தேன். அழுக்கணவன் பெருகிக் கன்றுகள் குறண்டிப் போயின.

ஆகவே முதலில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவுங்கள். பிறகு 1 லீற்றர் தண்ணீரில் 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சிறிது சவர்க்காரமும் நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். ஒரு தடவையோடு விட்டுவிடாமல், ஒரு வாரத்தில் மறுபடியும் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டுவதும் தவறு. சாம்பல் காரத்தன்மை உள்ளது. அடியில் குவிந்தால் இளங்கன்றுக்குக் கூடாது. நனைந்த சாம்பல் எறும்பைத் தடுக்கவும் மாட்டாது. மெல்லிய வளையமாகத் தூவி, மழை பெய்தால் புதுப்பியுங்கள். மண்ணெண்ணெயும் உப்பும் மண்ணைக் கெடுக்கும். கிணற்றடியில் அவற்றை ஊற்றவே வேண்டாம், நாம் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான்.

மாமரத்து முசுற்றுக் கூட்டைக் கொளுத்துகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். முசுறு கடித்தால் எரியும், உண்மைதான். அதுவும் சில சாறுறிஞ்சிகளைக் காக்கும். ஆனாலும் புழுக்களையும் வண்டுகளையும் வேட்டையாடிக் காயைக் காப்பாற்றுகிறது. சீனத்தில் தோடை மரங்களைக் காக்க இதன் கூடுகளைக் கொண்டுவந்து கட்டும் வழக்கம் பல நூற்றாண்டுப் பழமையானது. காய் பிடுங்கும் கிளையில் மட்டும் கூடு இருந்தால் அந்தக் கொப்பை வெட்டி அகற்றினால் போதும்.

எறும்பு உண்மையாகவே களவெடுப்பது விதையை. கீரை விதைத்த பாத்தியிலிருந்து வரிசையாகச் சுமந்து போய்விடும். விதையை மணலோடு கலந்து தூவி, உடனே மெல்லிய மண்ணால் மூடுங்கள். நாற்றுத் தட்டை மேசையில் வைத்து, கால்களைத் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் நிறுத்தலாம். அந்தத் தண்ணீரை 3 நாளுக்கு ஒருமுறை கொட்டி, சிரட்டையைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். இல்லையென்றால் டெங்கு நுளம்பு அதில் முட்டையிடும்.